கொள்கை உறுதியும் கூட்டுப் பணியும்

தன் மார்க்கத்தில் உறுதியாக நிற்பவன், பிற மார்க்கத்தாரோடு கைகோத்து ஒரு பணியில் இறங்கலாமா? இறங்கினால் அவனுடைய ஈமான் தளர்ந்து விடுமா? இவ்வினா நம் மஹல்லாக்களில் அவ்வப்போது எழுவதுண்டு. வெள்ளம் கழுத்தளவு நிற்கும்போது எவரும் இதனைக் கேட்பதில்லை. வெள்ளம் வடிந்து, நன்றி பாராட்டும் கூட்டம் ஒன்று கூடும்போதுதான், ஆலிமும் ஆயரும் ஒரே மேடையில் அமரலாமா என்று ஒருவர் கேட்பார். எல்லா மதமும் ஒன்றுதானே, அமர்ந்தால் என்ன என்று மற்றொருவர் விடையளிப்பார். அவ்விடை கேட்டவரின் அச்சத்தைத் தணிப்பதில்லை, பெருக்கவே செய்கின்றது.

இவ்விருவரையும் உற்று நோக்குமிடத்து, இருவரும் ஒரே தவற்றில் நிற்பது புலனாகும். கொள்கை வேறுபாடு இருக்கும் வரை கூட்டுப் பணி இயலாது என்பதே இருவரும் ஒப்புக்கொண்ட அடிப்படை. ஆகவே முன்னவர் பணியைத் துறக்கின்றார். பின்னவர் வேறுபாட்டைத் துறக்கின்றார். வேறுபாட்டையும் வைத்துக்கொண்டு பணியையும் செய்வதற்கு மார்க்கத்தில் இடமுண்டா என்பதே நாம் ஈண்டு ஆராய விரும்பும் பொருள்.

மூன்று பெயர்கள்

சென்னைத் துறைமுகத்திற்கு வடக்கே கரையோரமாகச் செல்வோர் மூன்று ஊர்ப் பெயர்களை அடுத்தடுத்துக் கடப்பர். முதலாவது இராயபுரம். ஏசுநாதரின் சீடர் பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர் இராயப்பர் என்பர். அவர் பெயரால் அங்குள்ள தேவாலயத்தை ஒட்டி அப்பெயர் வழங்கலாயிற்று என்பர். அடுத்தது தண்டையார்பேட்டை. இராமநாதபுரச் சீமையில் தொண்டியை அடுத்த குணங்குடியில் பிறந்து, இப்பகுதியில் தவமிருந்து, 1838ஆம் ஆண்டில் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களைத் 'தொண்டியார்' என மக்கள் அழைத்ததால் அப்பெயர் எழுந்ததென்பது செவிவழிச் செய்தி. மூன்றாவது திருவொற்றியூர், சைவ நாயன்மார் பாடிய தலம், பட்டினத்தார் அடங்கிய கரை. இவற்றுக்கிடையே, இராயபுரத்தின் ஒரு தெருவில், 1910ஆம் ஆண்டு முதல் பார்சி மக்களின் அக்கினி ஆலயமும் இருந்து வருகின்றது.

ஆக, ஒரு சில கல் தொலைவுக்குள் நான்கு சமயத்தார் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். எனினும் அண்மை வேறு, தோழமை வேறு. ஒரே குழாயடியில் குடம் வைத்து நிற்பது அண்மை. குழாயில் நீர் வராத நாளில் ஒன்றாகச் சென்று முறையிடுவது தோழமை. முன்னது தானே வாய்ப்பது. பின்னதை நாம்தாம் ஆக்கிக்கொள்ள வேண்டும். அதனை ஆக்கியவர் எவரேனும் உண்டா என்று தேடும்போது, நம் நகரிலேயே நிகழ்ந்த ஒரு வரலாறு நம் கருத்தை ஈர்க்கின்றது.

தரங்கம்பாடி முதல் சென்னை வரை

1919ஆம் ஆண்டு மே மாதம் தரங்கம்பாடியில் கிறிஸ்தவப் போதகர் சிலர் கூடினர். அவர்களுள் பெரும்பாலோர் இந்நாட்டவர். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா அவர்களும் அக்கூட்டத்தில் இருந்தார். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவிலும் என்றோ எழுந்த பூசல்களின் பேரால் தமிழனும் தெலுங்கனும் ஏன் தனித்தனிச் சபைகளாகப் பிரிந்து கிடக்க வேண்டும் என்பதே அவர்கள் எழுப்பிய வினா. அப்பூசல்களை அவர்கள் உண்டாக்கவில்லை. அவை கப்பலேறி வந்தவை.

அவர்கள் வினா எழுப்பியது 1919இல். விடை கிடைத்தது 1947இல். இருபத்தெட்டு ஆண்டுகள் பேசினார்கள். பேராயர் பதவி இன்றியமையாதது என்றனர் ஆங்கிலிக்கன் சபையார். அப்பதவியே வேண்டாவென்று தம் முன்னோர் போராடியதை நினைவூட்டினர் பிரஸ்பிட்டீரியன், காங்கிரிகேஷனல் சபையார். இவ்விரு சாராரும் 1908ஆம் ஆண்டிலேயே தென்னிந்திய ஐக்கிய சபையாக இணைந்திருந்தனர். மெதடிஸ்ட் சபையாருக்கும் தமக்கெனச் சில வழக்கங்கள் இருந்தன. முடிவில் எல்லோரும் பேராயர் பதவியை ஏற்றுக்கொண்டனர். ஆயின் அதனைச் சட்ட வரம்புக்கு உட்படுத்தினர். முன்னரே அருட்பொழிவு பெற்ற ஆயர் எவரும் மீண்டும் அதனைப் பெற வேண்டியதில்லை என்று முடிவு செய்தனர். மனச்சான்று ஒப்பாத ஆயர் எவரையும் எந்தச் சபையின் மீதும் சுமத்துவதில்லை என்றும் வாக்களித்துக்கொண்டனர்.

1947ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள், சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை தோன்றியது. நாடு விடுதலை பெற்று ஆறு வாரங்களே ஆகியிருந்தன. வடக்கே பிரிவினையின் குருதி உலராத நேரத்தில், தெற்கே சில சமூகத்தார் இணைந்தனர் என்பது எண்ணத்தக்கது. அசரியா அவர்கள் அந்நாளைக் காணவில்லை. 1945ஆம் ஆண்டின் முதல் நாளிலேயே மறைந்து விட்டார். மறுபுறம், பேராயரே இல்லாத ஸ்காட்லாந்துச் சபையிலிருந்து வந்த லெஸ்லி நியூபிகின் என்பார், புதிய திருச்சபையில் மதுரை - இராமநாதபுரத்துக்குப் பேராயரானார். 1965 முதல் 1974 வரை சென்னைப் பேராயராகவும் இருந்தார்.

இராயபுரத்தில் உள்ள ரெய்னி மருத்துவமனை நம் குடும்பங்கள் பலவற்றுக்குத் தெரிந்த இடம். ஸ்காட்லாந்துச் சபையாரின் மருத்துவப் பணியில் முளைத்த அந்நிலையம் பின்னர்த் தென்னிந்தியத் திருச்சபையின் பொறுப்பில் வந்தது. சபைகள் இணைந்ததன் பயன் ஏட்டில் மட்டும் நிற்கவில்லை. பிரிந்திருந்தபோது ஒவ்வொரு சபையும் தனியே சுமந்தவற்றை, இணைந்தபின் பொதுவாகச் சுமந்தன. பல சபையார் கூடி வளர்த்த வேலூர் மருத்துவக் கல்லூரியின் வாயிலில் நிற்கும் நோயாளி எச்சமயத்தார் என்று எவரும் கேட்பதில்லை. பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபிக் கல்லூரி விளங்கும் அதே வேலூரில் இதுவும் விளங்குகின்றது.

அத்திருச்சபை குற்றமற்றதென்று நாம் கூற வரவில்லை. சாதிப் பூசலும் சொத்து வழக்கும் தேர்தல் சண்டையும் அங்கும் உண்டு. வக்ஃபு வழக்குகளால் நீதிமன்றப் படிகளைத் தேய்த்துக்கொண்டிருக்கும் நாம் அதனைச் சுட்டிக் காட்டத் தகுதியுடையோம் அல்லோம். குறையுடைய மனிதர்களும் பொறுமையால் ஒரு நற்செயலை நிறைவேற்ற இயலும் என்பதற்கே இதனை எடுத்துக்காட்டினோம்.

நம் வீட்டு நிலை

பிறரோடு இணைவதற்கு முன் தம்முள் இணைய வேண்டும் என்பது அவ்வரலாறு தரும் முதற் பாடம். இவ்விடத்தில் நாம் நம்மையே நோக்கக் கடமைப்பட்டுள்ளோம். தமிழகக் கடற்கரையூர்களில் ஷாஃபிஈ மத்ஹபும் உள்நாட்டூர்களில் ஹனஃபி மத்ஹபும் வழங்கி வருகின்றன. வடசென்னையிலோ துறைமுக வேலையும் தொழிற்சாலை வேலையும் நாடி வந்த மக்கள் கலந்து வாழ்கின்றனர். ஒரே பள்ளிவாசலில் ஒருவர் ஆமீன் உரக்கச் சொல்வார். அவர் தோளை ஒட்டி நிற்பவர் மெல்லச் சொல்வார். இது அழகு. ஆயின் இதே வேறுபாடு சில இடங்களில் பள்ளிவாசலைப் பூட்டி, காவல் நிலையத்தில் சாவியை ஒப்படைக்கும் அளவுக்கு முற்றியதையும் நாம் கண்டிருக்கின்றோம்.

நம் முன்னோர் இவ்வாறு இருந்திலர். ஹஜ்ஜின்போது மினாவில் உஸ்மான் (ரலி) அவர்கள் நான்கு ரக்அத் தொழுவித்தார்கள். சுருக்கி இரண்டு ரக்அத் தொழுவதே முறை என்று கருதிய இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள், தம் கருத்தை வெளிப்படையாகக் கூறினார்கள். பின்பு அவர்களுக்குப் பின்னின்று நான்கு ரக்அத்தையே தொழுதார்கள். ஏனென்று வினவியோருக்குப் பிளவு தீயது என்னும் கருத்தில் விடையளித்தார்கள். அபூதாவூதில் இச்செய்தி காணப்படுகின்றது. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் அடக்கத்தலம் இருந்த ஊரில் சுப்ஹுத் தொழுகையில் குனூத்தை விட்டுத் தொழுதார்கள் என்றும் நூல்கள் கூறுகின்றன. இவர்கள் கொள்கையில் தளர்ந்தவர்களா? கருத்தை மறைத்தார்களா? இரண்டும் இல்லை. எது உறுதியாகப் பற்ற வேண்டியது, எது விட்டுக்கொடுக்கத் தக்கது என்னும் பகுத்தறிவு அவர்களிடம் இருந்தது. தன் இமாமுக்குப் பின்னால் நிற்கவே மறுப்பவன், அண்டைத் தெரு ஆயருக்கு அருகில் நிற்பது எங்ஙனம்?

உரையாடலும் உறுதியும்

தம்முள் இணைந்த கிறிஸ்தவர்கள் நம் போன்ற பிற சமயத்தாரை எவ்வாறு நோக்கினர்? இஃது எளிதில் முடிந்த கதையன்று. 1930ஆம் ஆண்டில் லாகூரில் ஹென்றி மார்ட்டின் பெயரால் ஒரு கல்விக் கழகம் நிறுவப்பட்டது. முஸ்லிம்களிடையே கிறிஸ்தவத்தைப் பரப்புவோரைப் பயிற்றுவிப்பதே அதன் தொடக்க நோக்கம். இடம் பல மாறி, முடிவில் அது ஐதராபாத்தில் நிலைத்தது. நம் மொழியையும் நம் நூல்களையும் நெடுங்காலம் பயின்றதன் விளைவாக அதன் நோக்கமே மாறலாயிற்று. 1990ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் நிகழ்ந்த கலவரத்திற்குப் பின், பழைய நகரில் இந்து, முஸ்லிம் குடும்பங்களிடையே அமைதிப் பணியிலும் கல்விப் பணியிலும் அது ஈடுபட்டது. வெல்வதற்காகப் படிக்கத் தொடங்கியவர், படித்தபின் அண்டை வீட்டாராக மாறினர்.

தென்னிந்தியத் திருச்சபையைச் சார்ந்த ஸ்டான்லி சமர்த்தா என்னும் கர்நாடக அறிஞர், 1971ஆம் ஆண்டில் உலகத் திருச்சபைகள் மன்றம் ஏற்படுத்திய பல்சமய உரையாடல் துறையின் முதல் இயக்குநரானார். அதற்கு முந்திய ஆண்டிலேயே லெபனானின் அஜல்தூனில் இந்து, பௌத்த, கிறிஸ்தவ, முஸ்லிம் அறிஞர்கள் ஒருங்கமர்ந்திருந்தனர். கத்தோலிக்கத் திருச்சபையும் 1965இல் வத்திக்கான் சங்கத்தின் வாயிலாக முஸ்லிம்களை மதிப்போடு நோக்குவதாக அறிவித்திருந்தது.

ஆயின் சமர்த்தா காட்டிய வழியை அவருடைய திருச்சபையினர் அனைவரும் ஏற்றாரல்லர். முன்னர்க் குறித்த நியூபிகின், ஏசுவைப் பற்றிய தம் நம்பிக்கையை ஒதுக்கி வைத்துவிட்டு உரையாட இயலாது என்று வாதிட்டார். ஒரே திருச்சபையில் இருவரும் இருந்தனர். இவர்களுள் முஸ்லிமுக்கு நெருங்கியவர் யார்? பலர் சமர்த்தா என்பர். எனினும், தம் நம்பிக்கை இன்னதென்று ஒளிக்காமல் சொல்பவரிடம் நமக்கும் ஒளிப்பதற்கு ஒன்றும் இராது என்பதனையும் மறத்தலாகாது. எங்கே முரண்படுகின்றோம் என்பதனை இருவரும் அறிந்திருந்தால், எங்கே ஒன்றுபடலாம் என்பதிலும் ஏமாற்றம் இராது.

நஜ்ரான் தூதுக்குழு

இக்கருத்து நமக்குப் புதிதன்று. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் இறுதிக் காலத்தில் நஜ்ரானிலிருந்து கிறிஸ்தவத் தூதுக்குழு ஒன்று மதீனா வந்தது. ஈஸா (அலை) அவர்களைப் பற்றிக் கடுமையான வாதம் நடைபெற்றது. சத்தியம் செய்து இறைவனிடம் முறையிடும் முபாஹலாவுக்கே அழைப்பு விடுக்கும் அளவுக்கு அவ்வாதம் சென்றது. எனினும் அவர்களுடைய தொழுகை நேரம் வந்தபோது, நபி (ஸல்) அவர்கள் தம் பள்ளிவாசலிலேயே அவர்களைத் தொழ விடச் செய்தார்கள். அவர்கள் கிழக்கு நோக்கித் தொழுதார்கள் என்று இப்னு ஹிஷாம் வரைகின்றார். முடிவில் அவர்கள் மார்க்கத்தை மாற்றிக்கொள்ளாமலே உடன்படிக்கை பெற்றுத் திரும்பினர்.

ஒரே வருகையில் மூன்று நிகழ்ந்திருப்பதைக் காணுங்கள். முரண்பாடு மறைக்கப்படவில்லை, விருந்து மறுக்கப்படவில்லை, உடன்படிக்கை தடைப்படவில்லை. பொதுவான ஒரு சொல்லின் பால் வேதக்காரர்களை அழைக்கும் ஆல இம்ரான் 64ஆவது வசனத்தை விரிவுரையாளர் பலர் இந்நிகழ்ச்சியோடு இணைத்துப் பேசுவர். 2007ஆம் ஆண்டு அக்டோபரில் 138 முஸ்லிம் அறிஞர்கள் உலகக் கிறிஸ்தவத் தலைவர்களுக்கு விடுத்த மடலுக்குப் பெயர் கிடைத்ததும் அவ்வசனத்திலிருந்தே.

நபித்துவத்திற்கு முன் மக்காவில் ஏற்பட்ட 'ஹில்ஃபுல் ஃபுளூல்' என்னும் உடன்படிக்கை இன்னும் தெளிவானது. வெளியூர் வணிகர் ஒருவரின் சரக்கை வாங்கிக்கொண்டு விலை தர மறுத்தார் ஒரு குறைஷித் தலைவர். அநீதி இழைக்கப்பட்டவர் எவராயினும் அவர் பக்கம் நிற்போம் என்று சில குடும்பத்தார் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் வீட்டில் உறுதி பூண்டனர். அவர்கள் முஸ்லிம்கள் அல்லர், சிலைகளை வணங்கியவர்கள். இஸ்லாம் வந்த பின்னரும், அத்தகைய உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டால் தாம் இசைவதாக நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள்.

காஃபிரூன் அத்தியாயம் வழிபாட்டில் கலப்பில்லை என்று எல்லை வகுக்கின்றது. மும்தஹினாவின் எட்டாவது வசனமோ, நம்மோடு போரிடாதாரிடம் நன்மையும் நீதியும் காட்டுவதை இறைவன் தடுக்கவில்லை என்கின்றது. இரண்டும் ஒரே இறைவனின் வாக்கு. முன்னதைக் காட்டிப் பின்னதை மறுப்பதும், பின்னதைக் காட்டி முன்னதை மழுப்புவதும் திருமறையைப் பாதியாக ஓதுவதாகும்.

மூன்று தடைகள்

இத்தோழமைக்கு எதிராக எழும் தடைகளுள் மூன்று ஆராயத்தக்கவை.

முதலாவது: 'அவர்கள் நம்மை மதம் மாற்றவே அணுகுகின்றனர்' என்பது. தம் மார்க்கத்தை உண்மையென்று நம்புகிறவர் அதனைப் பிறரும் பெற வேண்டுமென்று விரும்புவது இயல்பு. தஃவாவைக் கடமையாகக் கொண்ட நாம் அதனைக் குற்றமென்று கூறுதல் இயலாது. குற்றமாவது, பசியையும் நோயையும் அதற்குத் தூண்டிலாக்குவது. சோற்றுப் பொட்டலத்தோடு துண்டுப் பிரசுரம் கொடுப்பதில்லை என்ற ஒழுங்கை இரு சாராரும் ஒப்புக்கொண்டால் இத்தடை நீங்கும். அவ்வொழுங்கு நம்மையும் கட்டுப்படுத்தும் என்பதனை மறத்தலாகாது.

இரண்டாவது: கூட்டு வழிபாடு பற்றிய அச்சம். இவ்வச்சத்தில் நியாயமுண்டு. மூன்று மதப் பாடல்களைக் கலந்து பாடி விளக்கேற்றுவதனையே நல்லிணக்கம் என்று சிலர் எண்ணுகின்றனர். அதில் பங்கு கொள்ளாதவனை வெறியன் என்றும் நினைக்கின்றனர். ஜெருசலம் தேவாலயத்தில் தொழ அழைக்கப்பட்டபோது உமர் (ரலி) அவர்கள் மறுத்தார்கள் என்று வரலாறு கூறும். பின்வரும் முஸ்லிம்கள் அதனைச் சான்றாக்கி ஆலயத்தைப் பறித்துவிடுவர் என்று அஞ்சினார்கள். அம்மறுப்பில் தம் வழிபாட்டின் தனித்தன்மையும் காக்கப்பட்டது, அவர்தம் ஆலயமும் காக்கப்பட்டது. விலகி நிற்பதும் மரியாதையின் ஒரு வகையே.

மூன்றாவது தடையைப் பலர் பேசுவதில்லை. ஆயின் நம் கருத்தில் இதுவே ஆழமானது. சிறுபான்மையோர் இருவர் சேர்வது மூன்றாமவருக்கு எதிராகத்தானே என்னும் ஐயம் அது. நம் தோழமை அச்சத்தில் பிறந்த கூட்டணியாக மட்டும் இருக்குமாயின் இவ்வையம் மெய்யாகிவிடும். திருவொற்றியூர்க் கோயில் வீதியில் வாழும் இந்து அன்பரும் எவ்வித வேண்டாமையுமின்றி வந்து அமரத்தக்க இடமாக அது இருத்தல் வேண்டும். ஹில்ஃபுல் ஃபுளூல் எந்தக் குலத்துக்கும் எதிராக ஏற்பட்டதன்று. அநீதிக்கு எதிராக ஏற்பட்டது.

எண்ணூரின் இரவு

இவை ஏட்டுச் சிந்தனைகளாகவே நின்றால் பயனில்லை. வடசென்னை மக்கள் நாள்தோறும் எதனை எதிர்நோக்கி வாழ்கின்றனர் என்பதனைக் காண்போம். 2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. படகும் வலையும் கருத்தன. மீனவரின் தொழில் முடங்கியது. அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, ஓர் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண்ணெரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் ஓடினர்; பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், 2004இல், ஆழிப்பேரலை வந்ததும் அதே டிசம்பர் 26ஆம் நாளில்தான்.

ஆழிப்பேரலையின்போது பரங்கிப்பேட்டை ஜமாஅத்தினர் மீனவ மக்களுக்கு நாள் பல உணவளித்துத் துணை நின்றனர். அது நம் சமுதாயத்தின் பெருமை. ஆயின் பேரிடரின்போது பொங்கும் அன்பு, நாள்தோறும் நடைபெறும் சிறு கேட்டின்போது உறங்கிவிடுகின்றது. நச்சுக் காற்று ஒரு நாளில் கொல்வதில்லை; ஆகவே அதற்கெதிராக எவரும் ஒரு நாளில் திரள்வதில்லை. நோய் தனித்தனி வீடுகளில் வருகின்றது. முறையீடும் தனித்தனியாகவே செல்கின்றது. அங்குதான் ஒருங்கிணைந்த பணிக்குத் தேவை மிகுதி.

என் செய்யலாம்? பள்ளிவாசல் நிர்வாகமும் திருச்சபைக் குழுவும் மீனவப் பஞ்சாயத்தும் கோயில் அன்பர்களும் சேர்ந்து, தெருவாரியாக ஒரு பதிவேடு வைக்கலாம். எவ்வீட்டில் நடக்க இயலாத முதியவர், எவ்வீட்டில் கருவுற்ற பெண், எவ்வீட்டில் மூச்சிரைப்பு நோயாளி என்பது அதில் இருக்கட்டும். நள்ளிரவில் ஓட நேர்ந்தால் யார் யாரை எழுப்புவது என்று முன்னரே வகுத்துக்கொள்ளட்டும். அபாய அறிவிப்புக்குப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் ஆலய மணியும் ஒருசேரப் பயன்படட்டும். அரசு நடத்தும் கருத்துக்கேட்புக் கூட்டத்திற்குத் தனித்தனி மனுக்களோடு செல்லாமல், எல்லோரும் ஒப்பமிட்ட ஒரே மனுவோடு செல்லட்டும். இவற்றுள் எதற்கும் எவரும் தம் கலிமாவைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும், அது புகழ். 'எங்கள் ஜமாஅத் செய்தது' என்று பேனர் கட்டும் ஆசையைத் துறக்காதவர் கூட்டுப் பணிக்கு ஆகார். இக்லாஸ் என்று நாம் ஓதும் பண்பை இதனினும் நன்கு சோதிக்கும் இடம் வேறில்லை. 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது இப்பகுதியில் ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்தின் தொடர்ச்சியாகவே ஸ்டான்லி மருத்துவமனை வளர்ந்தது. ஆளுநர் பெயர் சூட்டப்பட்ட பின்னரும் மக்கள் அதனை நெடுங்காலம் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்றே வழங்கினர். வார்த்தவர் பெயர் மறைந்து, வார்த்த கஞ்சியின் பெயர் நின்றது.

தரங்கம்பாடியில் கூடியவர்கள் இருபத்தெட்டு ஆண்டுகள் காத்திருந்தனர். தொடங்கியோருட் சிலர் முடிவைக் காணவில்லை. நம் பணிக்கும் அத்தகைய பொறுமை வேண்டும். நன்மையிலும் இறையச்சத்திலும் ஒருவருக்கொருவர் துணை நிற்குமாறு பணித்த வல்ல அல்லாஹ், நம் ஈமானில் உறுதியையும் நம் அண்டை வீட்டாரோடு நீதியையும் நமக்கு ஒருங்கே அருள்வானாக! ஆமீன்.